அளவு எடுக்காத பெட்டி

மூடியின் பாதி வரைக்கும் கை வந்திருந்தது. அரக்குப் பாலிஷில் நடுவில் நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. நிறுத்திய இடத்தில் கோடு விழும். விழுந்த கோட்டை எடுக்க வேண்டுமென்றால் பலகை முழுவதையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் பின்வாசலிலிருந்து அக்கா கூப்பிட்டபோது அவன் தலையைத் திருப்பாமலே, "இதோ வரேன்" என்றான்.

பஞ்சை வைத்துக் கட்டிய துணி முடிச்சு தேக்கின் மேல் நீளவாக்கில் போய் வந்தது. பாலிஷ்காரர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சவப்பெட்டிப் பட்டறையில் பாலிஷ் போடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர். இந்த ஒரு பெட்டியை மட்டும் யாரையும் தொடவிடாமல் முதலாளியே அறுத்து, இழைத்து, பூட்டி, இப்போது பாலிஷும் போடுவதில் அவருக்கு உள்ளூர வருத்தம் உண்டு. ஆனால் இன்றைக்கு அவர் கவலை அது இல்லை.

"முதலாளி, அக்கா குரல் சரியில்லை. நீங்க போங்க, மீதியை நான் இழுத்து விடறேன்."

"கை மாறினா தெரியும்ண்ணே."

"தெரிஞ்சா என்ன? படுக்கப் போறவரா எழுந்து பார்க்கப் போறார்?"

சொன்ன பிறகுதான் பாலிஷ்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெட்டி யாருக்கு என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி காட்டிக்கொள்வதற்காக அதற்குப் 'பெரிய ஆர்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய ஆர்டருக்கு ஆணி வந்துவிட்டதா, பெரிய ஆர்டருக்கு எந்தக் கைப்பிடி என்று அந்தப் பெயரிலேயே காரியம் நடந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் அவன் மனைவி வந்தாள். "என்னங்க, மாமாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. அண்ணி உங்களை உடனே வரச் சொல்றாங்க."

"வரேன்னு சொன்னேனே. இந்த மூடி மட்டும்தான். முடிச்சிட்டு ஓடி வந்துடறேன், போ."

அவள் பெட்டியை ஒரு முறை பார்த்தாள், அவன் முகத்தை ஒரு முறை பார்த்தாள், போய்விட்டாள்.

அவன் உண்மையில் அவசரப்படத்தான் செய்தான். கை வேகமெடுத்தது, நெற்றி வியர்வை மரத்தில் சொட்டிவிடக் கூடாதே என்று தோளிலேயே துடைத்துக்கொண்டான். அப்பா கண் மூடும் நேரத்தில் பெட்டி தயாராக இல்லையென்றால் அவர் ஆசைப்பட்டபடியே ஆகிவிடும். அது ஆகக் கூடாது. கடைசி விளிம்பையும் இழுத்து முடித்து, மூடியைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தான். ஒரு கோடு இல்லை. மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் யாரும் மூன்றாம் முறை கூப்பிடவில்லை என்பது உறைத்தது.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது அப்பாவின் அறை. முன்பு பலகை அடுக்கி வைத்த இடம். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிழித்த துணியால் அப்பாவின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டு முடிக்கும் வரை அவள் நிமிரவில்லை.

"இப்பத்தான்" என்றாள். "செவுத்துப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார். நேரா படுக்க வெச்சிருக்கேன்."

அவன் நிலைப்படியிலேயே நின்றான். இந்த அறைக்கு வந்தால் அவன் நிற்கும் இடம் அதுதான். காலையில் பட்டறை திறக்கும்போது ஒரு முறை, மத்தியானம் சாப்பிடப் போகும்போது ஒரு முறை, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பான். கழுத்து வரை போர்வை போர்த்திய அப்பா, "இருக்கேன்டா" என்பார். அவ்வளவுதான். கேட்டுவிட்டு வேலைக்கு ஓடுவான். ஓடியது எந்த வேலைக்கு என்று இன்றைக்காவது எல்லாருக்கும் தெரியட்டும் என்று நினைத்தான். அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கையெல்லாம் பாலிஷ் பிசுபிசுப்பு. அதைத் துடைக்கத் துணி தேடுவது போலத் திரும்பிப் போனான்.

அந்தப் பட்டறையை ஆரம்பித்தவர் அப்பாதான். பிணப்பெட்டி செய்கிறவர் எதிரே வந்தால் வழியை மாற்றிக்கொள்கிற ஆட்கள்கூட, தன் வீட்டில் ஒன்று என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆள் வாட்டசாட்டம். பட்டறை வாசலில் வந்து நின்றால் உள்ளே வெளிச்சம் குறையும். அளவு நாடாவை அவர் எடுத்து யாரும் பார்த்ததில்லை. ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும். நாடா பிடிக்கிற வேலைக்காரர்களிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: உயிரோடு இருக்கிறவர் மேல் நாடா வைக்கக் கூடாது. வீட்டார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், மூச்சு நின்ற பிறகுதான் அளவு, அப்புறம்தான் பெட்டி.

அந்தக் கட்டுப்பாட்டை அவர் மீறியது ஒரே முறை, அம்மாவுக்கு. அம்மா படுத்த படுக்கையாக இருந்த நாட்களில் அப்பா பட்டறையைவிட்டு நகரவில்லை. நான்கு பக்கமும் திராட்சைக் கொடி ஓடுகிற மாதிரி ஒரு பெட்டி செதுக்கினார். மீசை அரும்பிய வயதில் இருந்த அவன் பக்கத்தில் நின்று உப்புத்தாள் தேய்த்தான். அப்பா அழுது அவன் பார்த்ததில்லை. அந்தக் கொடியைப் பார்த்தான், ஒவ்வொரு இலையிலும் நரம்பு ஓடியதைப் பார்த்தான். அடக்கத்துக்கு வந்தவர்கள் அம்மாவைப் பார்த்து அழுததைவிடப் பெட்டியைப் பார்த்து வாயடைத்து நின்றதுதான் அதிகம். மனைவிமேல் உயிரை வைத்திருந்தவர் என்றார்கள். அன்பு என்றால் இதுதான் என்று அவனுக்கும் அன்றைக்குப் பதிந்துபோனது.

அதற்கப்புறம் அப்பா செதுக்கு உளியைத் தொடவில்லை. சாதாரணப் பலகையில், பூவேலை பித்தளை எதுவும் இல்லாமல் ஒரே ஒரு பெட்டி செய்து மாதா கோயிலுக்குக் கொடுத்தார். பெட்டி வாங்க வழியில்லாதவர்கள், அனாதையாகப் போனவர்கள் எல்லாருக்கும் அதுதான் பொதுப் பெட்டி. வெள்ளைத் துணியில் சுற்றி அதில் வைத்துத் தூக்கிப் போவார்கள். குழியில் துணியோடு இறக்கிவிட்டுப் பெட்டியைக் கழுவித் திரும்பக் கோயில் கொட்டகையில் வைப்பார்கள். ஏற்றிக்கொண்டு போய் இறக்கி விட்டுவிட்டுத் திரும்பி வருவதால் அதற்குப் 'பஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது.

பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு, அப்பா ஒவ்வொன்றாக உதறிக்கொண்டே வந்தார். மாடி அறையைவிட்டுப் பலகை அறைக்குக் குடி வந்தார். அவன் வாங்கிக் கொடுத்த கடிகாரம் யாரோ வண்டிக்காரர் கையில் ஓடியது. நல்ல மெத்தையோடு ஒரு கட்டில் வாங்கிப் போட்டான். ஒரு வாரத்தில் அது தெருக்கோடியில் துணி தேய்க்கிறவள் வீட்டுக்குப் போய்விட்டது, பழைய கட்டிலே திரும்ப வந்தது. "அவளுக்கு இடுப்பு வலிடா" என்றார். பெரியவர் எல்லாத்தையும் விட்டுட்டார் என்று கோயிலில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கேட்கும்போதெல்லாம் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாத்தையும் என்றால் என்ன கணக்கு? பெற்ற பிள்ளையும் அதில் சேர்த்தியா? இந்தக் கேள்வியை அவன் யாரிடமும் கேட்டதில்லை. யாரிடம் கேட்க முடியும்?

அப்பா படுக்கையில் விழுந்த புதிதில், நற்கருணை அப்பம் கொண்டுவந்த கோயில் உபதேசியாரிடம், "என்னை பஸ்லயே அனுப்பிடுங்க" என்றார். அவன் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பேசறீங்க? ஊருக்கே பெட்டி விக்கறவன் அப்பனைப் பொதுப் பெட்டியில அனுப்பினான்னு காறித் துப்ப மாட்டாங்களா?"

"துப்பினா தொடச்சுக்கோ."

"விளையாடாதீங்கப்பா."

"ஆண்டவரையே அடுத்தவன் கல்லறையிலதானேடா வெச்சாங்க? அவரும் ரொம்ப நாள் வெச்சுக்காம காலி பண்ணிக் குடுத்துட்டார். நான் ஒரு பெட்டியைத் திருப்பிக் குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு?"

உபதேசியார் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்து, இருமி, இருமலுக்கு நடுவில் அவனைப் பார்த்து, "உள்ள வந்து உக்காரேன்" என்றார். அவனுக்குக் கோபம். மறுநாளே போய் நல்ல வைரம் பாய்ந்த தேக்காகப் பார்த்து எடுத்து வந்தான்.

அப்பா இறந்த அன்று மத்தியானம் உபதேசியார் தட்டுவண்டியோடு வந்து இறங்கினார். வண்டியில் பஸ். வாசலில் பந்தல் போட்டு நாற்காலி பரப்பிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் வேகமாக வெளியே வந்தான்.

"இதை எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"பெரியவர் சொல்லி வெச்சது. எங்கிட்டயும் சொன்னார், ஃபாதர்கிட்டயும் சொன்னார்."

"பெட்டி ரெடியா இருக்கு."

"தெரியும் தம்பி. பாலிஷ் வாசனை தெரு முனைக்கே வருது." உபதேசியார் குரலை இறக்கினார். "நான் வாக்குக் குடுத்தவன், கொண்டு வந்துட்டேன். உள்ள ஒரு ஓரமா வெச்சுடறேன். வேணாம்னா போகும்போது ஏத்திக்கிட்டுப் போறேன். உங்க அப்பா, உங்க இஷ்டம்."

அவன் அக்காவைப் பார்த்தான். வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்த அக்கா நின்றாள், பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டு போனாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உபதேசியார் பஸ்ஸை அப்பாவின் அறைக்குள் சுவரோரமாக வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அக்காவோடு சேர்ந்து அப்பாவைக் குளிப்பாட்டப் போனார்.

பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தபோது வந்திருந்தவர்களின் பேச்சு நின்றது. திராட்சைக் கொடி செதுக்க அவனுக்கு வராது. அதற்குப் பதில் மரத்தின் ரேகையே பூ வேலை போலத் தெரியும்படி பலகை பொருத்தியிருந்தான். உள்ளே வெள்ளைச் சாட்டின் மடிப்பு மடிப்பாக. மூடியில் முகம் பார்க்கலாம்.

"இது மரமா, கண்ணாடியா?" என்றார் மரக்கடைக்காரர். "எங்கிட்டதானே எடுத்த? இந்த ரேகை இதுல இருக்குன்னு எனக்கே தெரியலயே. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

அம்மாவின் தம்பி, பெரிய குடும்பத்தில் மிச்சமிருக்கிற ஒரே மாமா, கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளே, சொல்றேன்னு தப்பா நெனைக்காதே. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு. இந்தக் கைப்பிடி மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். என்னைத் தூக்கறது லேசில்லே."

துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். அவனுக்கும் உதட்டோரம் அசைந்தது. இதற்குத்தானே இத்தனை நாள் பாடுபட்டது என்று இருந்தது. உள்ளே அப்பாவைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, வெளியே பெட்டிக்கு வந்த பாராட்டை வாங்கிக்கொண்டு நிற்கிறோமே என்ற கூச்சமும் வந்தது. கூச்சத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூடியில் யாரோ பதித்த விரல் தடத்தைத் துணியால் ஒற்றி எடுத்தான்.

அடக்கப் பூசைக்கு ஃபாதர் கோயிலில் காத்திருப்பார், வெயில் தாழ்வதற்குள் எடுத்துவிடலாம் என்று பேச்சு. குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி சட்டை உடுத்தி, வெள்ளைத் துணியில் கழுத்து வரை சுற்றியிருந்தார்கள். "பெட்டியை இங்கயே கொண்டு வந்துடுங்க" என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். பாலிஷ்காரரும் வேறு இருவரும் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மாமா, மரக்கடைக்காரர், இன்னும் சிலர் பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றார்கள். தலைப்பக்கம் உபதேசியார், கால்பக்கம் பாலிஷ்காரர். அப்பாவைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள்.

தொழில் தெரிந்தவன் என்பதால் அவனுக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. தோளுக்கு இரண்டு பக்கமும் அத்தனை இடம். காலுக்குக் கீழே இன்னொரு சின்ன ஆள் உட்காரலாம். சாட்டின் மடிப்புகளுக்கு நடுவில், யாரோ பெரிய மனிதரின் படுக்கையில் தெரியாமல் ஏறிப் படுத்துவிட்டவர் மாதிரி அப்பா கிடந்தார். உபதேசியார் கையை எடுத்ததும் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது, உடம்பும் கூடவே நழுவிப் பெட்டியின் பக்கப் பலகையில் போய் இடித்தது. காலிப் பெட்டியில் எதையோ போட்ட மாதிரி ஒரு சத்தம்.

மரக்கடைக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா செருமினார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றான் அவன்.

ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அக்கா, உபதேசியார், பாலிஷ்காரர் மூன்று பேர் மட்டும் நின்றார்கள். அவன் கதவைச் சாத்தினான். காது சூடாக எரிந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பெட்டி! ஒரு விரற்கடை பிசகியதாக ஒரு வீட்டில் சொன்னதில்லை. இன்றைக்கு, இந்த வீட்டில்.

"அண்ணே, சீவல் ரெண்டு மூட்டை கொண்டு வாங்க. துணி உறையில போட்டு ரெண்டு பக்கமும் இறுக்கிடலாம். கால் பக்கம் ஒரு தலகாணி. மேல சாட்டினை இழுத்து விட்டா ஒண்ணும் தெரியாது."

அவசரத்துக்கு விற்கிற பெட்டிகளில் அப்படிச் செய்வது உண்டுதான். பாலிஷ்காரர் போனார், இழைப்புச் சீவல் அடைத்த மூட்டைகளோடு பின்வழியாக வந்தார். அவன் மண்டியிட்டு ஒரு மூட்டையைப் பெட்டிக்குள் திணித்தான். துணி நெகிழ்ந்து வெளியே வந்த அப்பாவின் கை மடங்கி அதன்மேல் ஏறிக்கொண்டது. அதை எடுத்து உள்ளே வைக்கப் பார்த்தான். மறுபடி ஏறியது.

"எங்க அளவு எடுத்தே?" என்றாள் அக்கா.

அன்று காலையிலிருந்து அவள் அவனோடு பேசிய மூன்றாவது வாக்கியமோ நான்காவதோ. குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எடுக்கலை. உயிரோட இருக்கறவங்க மேல நாடா வைக்கக் கூடாதுன்னு அப்பாதானே சொல்லுவார்."

"கை வைக்கக் கூடாதுன்னும் சொன்னாரா?"

அவன் மூட்டையைப் பிடித்தபடியே இருந்தான்.

"எனக்கு அப்பா உருவம் தெரியாதாக்கா? மனசுல இருந்ததை வெச்சு செஞ்சேன். இவ்வளவு... இவ்வளவு வத்திப் போயிருப்பார்னு தெரியலை."

"எப்படித் தெரியும்? நிலைப்படியில இருந்து பார்த்தா மூஞ்சி மட்டும்தானே தெரியும். அவரைத் தெனம் தூக்கி உக்கார வெச்சவ நான். எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், அவரைத் தூக்க ஒரு கை போதும்னு."

"அக்கா, இப்ப சண்டை வேணாம். நான் என்ன எனக்காகவா செஞ்சேன்? அம்மாவுக்கு அவர் செஞ்ச மாதிரி அவருக்கு ஒண்ணு செய்யணும்னு..."

"அம்மா கடைசியா என்ன கேட்டான்னு தெரியுமா உனக்கு?"

அவன் நிமிர்ந்தான்.

"'அவரை வரச் சொல்லு'ன்னா. அதைத்தான் திரும்பத் திரும்ப. நான் பட்டறைக்கு ஓடி வந்து சொன்னேன். 'ஒரு கொடி பாக்கி, முடிச்சுட்டு வரேன்'னார். நீயும் அங்கதான் இருந்தே. கையில உப்புத்தாளை வெச்சுக்கிட்டு."

இருந்தான். அக்கா கதவருகே மூச்சிரைக்க நின்றது, அப்பா தலையைத் திருப்பாமல் பதில் சொன்னது எல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. கொடியின் நரம்பு வரைக்கும் நினைவில் வைத்திருந்தவன் அதை எப்படி மறந்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"அவ போனப்ப நான் மட்டும்தான் பக்கத்துல. இன்னிக்கும் நான் மட்டும்தான்." அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "அதுக்கப்புறம் அவர் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தாரே, ஊரெல்லாம் அவரைச் சந்நியாசின்னு சொல்லிச்சே, எனக்குச் சிரிப்பா வரும். ஒரு பொருளைக் கையில வெச்சிருந்தாலே பயம் அவருக்கு. மறுபடி அதைப் பார்த்துக்கிட்டு ஆளை விட்டுடுவோமோன்னு."

உபதேசியார் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"தேக்கு இழைக்கிற சத்தம் கேட்ட அன்னிக்கே தெரிஞ்சு போச்சு அவருக்கு" என்றாள் அக்கா. "இந்தச் செவுத்துல காதை வெச்சுக்கிட்டே, 'எனக்குத்தான் செய்யறான். பஸ்ல போறேன்னு சொல்லிட்டா அவனுக்கு வேலை இருக்காது, வந்து உக்காருவான்னு பார்த்தேன். கேக்க மாட்டேங்கிறானே'ன்னார்."

மூட்டையின் வாய் அவிழ்ந்து சீவல் கொஞ்சம் சாட்டின்மேல் கொட்டியது. அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்றான். குரல் உடைந்துவிட்டது.

"சொல்லாதேன்னார். கூப்பிட்டு வர வெச்சா அது வேறன்னார். எனக்கும் கோவம். நீயா வரட்டும்னு நானும் பார்த்துக்கிட்டிருந்தேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குக் கூப்பிட்டேன்ல?"

எல்லாத்தையும் விட்டவர் என்ற பேச்சைக் கேட்டு எத்தனை வருஷம் அவன் மனசுக்குள் வழக்காடியிருக்கிறான்! தன்னையும் விட்டுவிட்டார் என்று நினைத்துத்தானே, விட முடியாத மாதிரி ஒரு பெட்டி செய்து அதில் அவரைப் பிடித்து வைக்கப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வெறும் சுவர், ஒரு செங்கல் அகலம். அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுதான் அவன் உளி தீட்டுவான்.

திணித்த மூட்டையை வெளியே இழுத்துப் போட்டான். சாட்டின் கிழிந்தது.

"பஸ்ஸைத் திறங்க" என்றான்.

உபதேசியார் ஒரு வினாடி தயங்கி அக்காவைப் பார்த்தார். பிறகு போய்ச் சுவரோரம் இருந்த பெட்டியின் மூடியை எடுத்துச் சாய்த்து வைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. கழுவிக் கழுவி வெளுத்துப் போன வெறும் பலகை, குறுகலான இடம்.

"ரெண்டு பேரா தூக்கலாம் முதலாளி" என்று பாலிஷ்காரர் குனிந்தார்.

"வேணாம்ண்ணே."

ஒரு கையை அப்பாவின் கழுத்துக்கடியிலும் இன்னொன்றை முழங்காலுக்கடியிலும் கொடுத்தான். கனத்தை எதிர்பார்த்து மூச்சை இழுத்துப் பிடித்திருந்தான். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அக்கா சொன்னது சரிதான். சன்னல் கதவுக்கு அறுத்து வைத்த பலகை இதைவிடக் கனக்கும். நிமிர்ந்து நின்றபோது அப்பாவின் தலை அவன் தோளில் வந்து சாய்ந்தது. சோப்பு வாசனை. அப்பாவை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தான். காதுமடலின் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. அது இருப்பதே அவனுக்குத் தெரியாது.

பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றான். குனிந்து வைக்க வேண்டும். உபதேசியார் தலைப்பக்கம் தாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவன் வைக்கவில்லை. திரும்பினான். அக்கா எழுந்து வழிவிட்டாள். அப்பாவை மடியில் கிடத்தியபடி கட்டிலில் உட்கார்ந்தான்.

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. வெளியே பேச்சு உயர்ந்தது. தூக்குகிறவர்கள் எழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது, செருப்புச் சத்தம் கதவு வரை வந்து நின்றது. உபதேசியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அக்கா அவரையும் பாலிஷ்காரரையும் கதவுக்கு வெளியே அனுப்பினாள். தானும் போய், வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

"என்னம்மா, எடுக்கலாமா?" என்று மாமாவின் குரல் கேட்டது. "பெட்டி சரியாயிடுச்சா?"

"கொஞ்சம் இருங்க மாமா" என்றாள் அக்கா. "அப்பாவும் தம்பியும் உள்ள இருக்காங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது, பிறகு இன்னொன்று. எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக மறுபடி உட்காருகிற சத்தம் கேட்டது.